இறந்த மறுநாள் வந்த அக்கா

அத்தியாயம் 11

இரண்டாவது மாடிக்குப் போவதா வேண்டாமா என்று லிஃப்ட் யோசித்துக்கொண்டே நின்றது.

"இதுக்கும் மனசு சரியில்ல போல மேடம்" என்றான் ரேடியோ. "இந்த ஆபீஸ்ல யாருக்குத்தான் சரியா இருக்கு?"

"படியில போயிடலாம் வா" என்றார் வக்கீலம்மா.

ரேடியோவுக்கு அந்தப் பெயர் வந்ததில் மர்மம் எதுவும் இல்லை. வாயை மூட மாட்டான். சாவு வீட்டில்கூட யாரையாவது சிரிக்க வைத்துவிட்டு, அப்புறம் தானே சங்கடப்பட்டு நெளிவான். வக்கீலம்மா கோர்ட்டுக்கு முழுக்குப் போட்டுவிட்டுத் துப்பறிய வந்து வருஷக்கணக்காகியும் பழைய பட்டம் அவரை விட்டபாடில்லை. இரண்டு பேரும் சேர்ந்து எத்தனையோ திருட்டு, புரட்டு, காணாமல் போன கணவன்மார்களைப் பார்த்தாயிற்று. ஆனால் இந்த வழக்கு வந்த நாளிலிருந்து ரேடியோவின் கிண்டல்கள் பாதி வழியிலேயே படுத்துவிட்டன.

அந்தக் கட்டடம் காணாமல் போனவர்களைத் தேடித் தரும் மையம். ஊரிலுள்ள காப்பகங்களும் ஆஸ்பத்திரிகளும் தங்களிடம் வந்து சேர்ந்த ஆதரவற்றவர்களைப் படத்தோடு இந்த மையத்தின் வெப்சைட்டில் பதிவு செய்யும். தேடுகிறவர்கள் அதில் வந்து பார்ப்பார்கள். அந்தத் தேடல் பக்கத்தைக் கட்டிய புரோகிராமர்தான் இவர்களை வரவழைத்தவன்.

அவன் காணாமல் போகக் கொடுத்தது சொந்த அக்காவை. அம்மா இல்லாத வீட்டில் அவனுக்குத் தலைவாரி விட்டதும், அவனுடைய ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போட்டதும் அவள்தான். சட்டைக் காலர் தைக்கும் கம்பெனியில் அவளுக்கு வேலை. அவனுக்கு வேலை கிடைத்த முதல் நாள் லீவு போட்டுவிட்டு இதே கட்டடத்தின் வரவேற்பறையில் வந்து உட்கார்ந்து, தம்பி கழுத்தில் அடையாள அட்டையோடு உள்ளே போவதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாளாம். பிறகு அவளுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்தது. சீப்பை ஃப்ரிட்ஜில் வைத்தாள். சாப்பிட்ட கையோடு சாப்பாடு கேட்டாள். ஒரு நாள் காலையில் கதவு திறந்து கிடந்தது.

புரோகிராமர் சுவரைப் பார்த்துப் போட்ட மேஜையில் உட்கார்ந்திருந்தான். சவரம் செய்து பல நாள் ஆகியிருக்கும்.

"யார் கொன்னதுன்னு தெரிஞ்சுதா மேடம்?" என்றான். அக்காவின் பதிவை மறைத்தது யார் என்று அவன் ஒரு முறையும் கேட்டதில்லை; கொன்றது யார் என்றுதான் கேட்பான்.

"இன்னொரு தடவை சொல்லுங்க. முதல்லேருந்து" என்றார் வக்கீலம்மா.

"தினமும் ஆபீஸ் வந்ததும் முதல் வேலையா என் தேடல் பக்கத்தைத் திறப்பேன். ஒவ்வொரு முகமாப் பாப்பேன். அக்கா இருக்க மாட்டா. காப்பகத்துக்கெல்லாம் போன் போட்டா, எல்லாம் வெப்சைட்ல ஏத்தியாச்சு, அதுல பாருங்கன்னு என்கிட்டயே சொன்னாங்க. போன வாரம் திறந்தேன். முதல் முகமே அக்கா. கீழ, இறந்துவிட்டார்னு போட்டிருக்கு. முந்தின நாள் இறந்திருக்கா. பதிவு பண்ண தேதியைப் பாத்தா, அவ காணாமப் போன அதே வாரம். இவ்வளவு மாசமா அந்தப் பதிவு எங்க மேடம் போச்சு?"

ரேடியோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். 

"யாரோ அழிச்சு வச்சிருந்து, அவ செத்ததும் திரும்பப் போட்டிருக்காங்க. எங்க டீம் லீடுதான். என்னை ஆபீஸை விட்டுத் துரத்தணும்னு ரொம்ப நாளா நிக்கறா. கீழ வரவேற்பறை டிவில அவ போடுற, வீடு திரும்பாதவங்க எண்ணிக்கையும் என் பக்கத்து எண்ணிக்கையும் ஒத்தே போகாது. தில்லுமுல்லு பண்றாங்கறதுக்கு அதுவே சாட்சி. புகார்லயும் எழுதிட்டேன். இன்னைக்கு மத்தியானம் விசாரணை. அவ வீட்டுக்குப் போயிடுவா."

"அழிச்சிருந்தா, மாத்தினதெல்லாம் பதிவாகற ஹிஸ்டரில விழணுமே. அதுல ஒண்ணும் இல்லன்னு நீங்கதான் சொன்னீங்க" என்றார் வக்கீலம்மா.

"வழக்கமான வழில அழிச்சாத்தான் விழும். நம்ம புரோகிராம் ஒரு பாஷை பேசும், பதிவெல்லாம் இருக்கற டேட்டாபேஸ் எஸ்.க்யூ.எல்.னு வேற பாஷை பேசும். நடுவுல ஓ.ஆர்.எம்.னு ஒரு மொழிபெயர்ப்பாளர். நாம கேக்கறதை அது எஸ்.க்யூ.எல்.லா மாத்திக் கேட்டு வாங்கிட்டு வரும். யாரு என்ன மாத்தினாங்கன்னு குறிச்சும் வைக்கும். ரா குவெரின்னா அந்த ஆளை வெளியில உக்கார வச்சுட்டு நாமளே எஸ்.க்யூ.எல். எழுதி டேட்டாபேஸ்கிட்ட நேராப் பேசறது. அதுக்குச் சாட்சியே இருக்காது."

"வக்கீல் வைக்காம ஜட்ஜ்கிட்ட நேராப் பேசற மாதிரி" என்றான் ரேடியோ. "மேடம், உங்க பொழப்பைக் கெடுக்கற வேலை."

வக்கீலம்மா சிரிக்கவில்லை. "அப்போ நாம தேட வேண்டியது ரா குவெரி எழுதற கை" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்.

லீடின் அறையில் ஒரு அட்டைப்பெட்டி பாதி நிரம்பியிருந்தது. அந்த டீமுக்குத் தலைமை தாங்கும் பெண்ணை எல்லாரும் லீடு என்றே கூப்பிட்டார்கள். சின்ன வயசுதான். தீர்ப்பு வருவதற்கு முன்பே மூட்டை கட்டுகிறாள் என்றால் ஒன்று குற்றவாளி, இல்லாவிட்டால் வெறுத்துப்போனவள் என்று ரேடியோ மனசுக்குள் கணக்குப் போட்டான்.

"நீங்க ரா குவெரி எழுதுவீங்களாம்மா?" என்றார் வக்கீலம்மா.

அவள் கையிலிருந்த காபிக் குவளையைப் பேப்பரில் சுற்றிக்கொண்டே களைப்பாகச் சிரித்தாள். "வெளிய போய் யாரை வேணா கேளுங்க மேடம். ரா குவெரின்னா எனக்கு அலர்ஜின்னு எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. யாராவது எழுதிட்டு வந்தா திருப்பி அனுப்பிடுவேன். இந்த சைட் முழுக்க இப்போ ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். அதை மாத்தச் சொல்லித்தான் எனக்கும் உங்களை வரவழைச்சவருக்கும் சண்டையே வந்துச்சு. ஓடறதை ஏன் நோண்டறீங்கன்னு கேட்டார். அதுக்கப்புறம் பேச்சுவார்த்தையே இல்ல."

வெளியே இருந்த நாலைந்து பேரை ரேடியோ விசாரித்துவிட்டு வந்தான். எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். ஒருத்தன் மட்டும், லீடுக்கு ரா குவெரி எழுதத் தெரியுமா என்பதே தனக்குச் சந்தேகம் என்றான்.

"தெரியாத மாதிரி நடிக்கறவங்களும் உண்டு மேடம்" என்றான் ரேடியோ. "எங்க வீட்டுல எனக்குச் சமைக்கத் தெரியாதுன்னு இன்னும் நம்பறாங்க."

வக்கீலம்மா அதைக் காதில் வாங்காமல் லீடிடம் அக்காவின் பதிவைத் திறக்கச் சொன்னார். அதன் ஹிஸ்டரியில் இருந்தது ஒரே ஒரு மாற்றம். காப்பகத்து நர்ஸ், அக்கா இறந்த அன்று, அதுவரை காலியாக இருந்த ஒரு கட்டத்தை நிரப்பி இறந்த குறிப்பையும் சேர்த்திருந்தார். 'வீடு திரும்பினாரா?' என்ற கட்டத்தில் 'இல்லை'. அவ்வளவுதான்.

"இதை அவரும் பாத்தாரா?"

"பாத்தார். இது நர்ஸ் பண்ற வழக்கமான வேலைதானேன்னு விட்டுட்டார். மனசாட்சியா வேலை பாக்கற நர்ஸ் அவங்க" என்றாள் லீடு.

"சரி" என்று வக்கீலம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் மூளையில் ஏதோ உட்கார இடம் தேடுகிறது என்று அர்த்தம். ரேடியோ வாயைத் திறக்காமல் பின்னால் நடந்தான். அதிகபட்சம் ஒரு மாடிப்படி தூரம் அவனால் அப்படி இருக்க முடியும்.

வரவேற்பறையில் பெரிய டிவி ஒன்று மாட்டியிருந்தது. 'இன்னும் வீடு திரும்பாதவர்கள்' என்ற எழுத்துக்குக் கீழே எண்ணிக்கை. கீழே நாற்காலிகளில் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிலர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரியவர் தன் பையனின் படத்தைச் சட்டைப் பையில் வைத்து, அடிக்கடி எடுத்துப் பார்த்துத் திரும்ப வைத்தார். ரேடியோ அவரைப் பார்க்க முடியாமல் மொபைலை எடுத்துத் தேடல் பக்கத்தைத் திறந்தான்.

"அவர் சொன்னது நிஜம்தான் மேடம். டிவில ஜாஸ்தி, மொபைல்ல கம்மி. நடுவுல கொஞ்சம் பேர் அந்த லிஃப்ட்லயே மாட்டிக்கிட்டாங்க போல."

வக்கீலம்மா நின்றுவிட்டார்.

"என்ன சொன்ன?"

"சும்மா ஒரு பேச்சுக்கு மேடம்."

"மறைக்கறவன் எதுக்குடா எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டணும்? ஒரு ஆளை அழிச்சா டிவில ஒண்ணு குறையணும். இங்க ஜாஸ்தியா இருக்கு. அந்த ஜாஸ்தி ஆளுங்க யாரு?"

சொல்லிக்கொண்டே அவர் படியேற ஆரம்பித்துவிட்டார். அந்த வயசில் அந்த வேகம் ரேடியோவுக்கே வராது.

லீடு பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். டிவி எண்ணிக்கையில் இருந்து தேடல் பக்கத்தில் இல்லாதவர்களை மட்டும் எடுத்துக் காட்டச் சொன்னார் வக்கீலம்மா. அவள் ஓ.ஆர்.எம்.மில்தான் எழுதினாள். திரையில் முகங்கள் வந்தன. தாடிக்காரர் ஒருவர். முன்பல் இல்லாத பாட்டி. கன்னத்தில் தழும்போடு ஒரு பையன். கண்ணை மூடிக்கொண்டே படம் எடுத்துக்கொண்ட ஒரு பெண்.

"இத்தனை பேரும் தேடல் பக்கத்துல வரவே மாட்டாங்களா?" என்றான் ரேடியோ.

 லீடின் பார்வை ஒரே இடத்தில் மேலிருந்து கீழாக இறங்கியது. ஒவ்வொருவருக்கும் 'வீடு திரும்பினாரா?' கட்டம் காலியாக இருந்தது.

"ஐயோ" என்றாள் மெதுவாக.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா."

"தேடல் பக்கத்துல இருக்கற குவெரி, திரும்பினாரா கட்டத்துல 'ஆம்'னு இல்லாதவங்களை எல்லாம் கொண்டு வான்னு கேக்குது மேடம். நமக்கு அது சரியாத்தான் தெரியும். காலிக் கட்டத்துல 'ஆம்' இல்லையே, அவங்களும் வரணுமேன்னு நினைப்போம். ஆனா டேட்டாபேஸுக்குக் காலின்னா 'இல்லை'ன்னு அர்த்தம் இல்ல. தெரியாதுன்னு அர்த்தம். இவர் 'ஆம்' இல்லாதவரான்னு கேட்டா தெரியாதுன்னே சொல்லும். தெரியாதவங்களை அது கூட்டிட்டு வராது. ஓ.ஆர்.எம்.முக்கு இந்தக் குணம் தெரியும். நாம இதையே கேட்டா, காலியா இருக்கறவங்களையும் சேர்த்துக்கோன்னு அதுவே ஒரு வார்த்தை போட்டுக் கேக்கும். நேராப் பேசும்போது அந்த வார்த்தையை நாமதான் போடணும்."

"அவர் போடலையா?"

"எழுதினப்போ தேவை இல்ல மேடம். அப்போ அந்தக் கட்டத்தைக் காலியா விடவே முடியாது. பிறகு காப்பகக்காரங்க கேட்டாங்கன்னு காலியா விடலாம்னு மாத்தினோம். ஓ.ஆர்.எம். தானாச் சமாளிச்சுக்கிச்சு. அவரோட குவெரி அப்படியே நின்னுடுச்சு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எண்ணிக்கை ஒத்துப் போகலன்னு எனக்கும் தெரியும். வேகத்துக்காகப் பழைய பதிவை விட்டுட்டுக் காட்டறார் போலன்னு நினைச்சேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பேசறதைத்தான் நிறுத்திட்டோமே."

ரேடியோவுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. யாரும் எதையும் அழிக்கவில்லை. அக்கா வந்த வாரத்திலிருந்தே அங்கேதான் இருந்தாள். அவளைத் தினமும் தேடிய கண்ணுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றது தம்பி கைப்பட எழுதிய அந்த வரி.

"மேடம், மிஷின் கோளாறுன்னு சொல்லிடலாமே" என்றான். அவன் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "செத்தவங்க திரும்பி வரப் போறதில்ல. இருக்கறவனையும் எதுக்குச் சாகடிக்கணும்?"

"அப்போ இந்தப் பொண்ணு வேலை போகட்டுமா?"

"கோளாறுன்னு சொன்னா இவங்களும் தப்பிச்சுடுவாங்கல்ல?"

"என்ன கோளாறுன்னு கேக்காம விடற ஆளா அவன்? அவன் தொழிலே அதுதான். இன்னிக்கு நாம மறைச்சா நாளைக்கு அவனே தோண்டி எடுப்பான். அப்போ பக்கத்துல யாரும் இருக்க மாட்டாங்க." வக்கீலம்மா போனை எடுத்தார். "ஆனா ஒண்ணு பாக்கி இருக்கு. மத்தவங்களுக்கு அவசரத்துல விட்டிருக்கலாம். மனசாட்சியா வேலை பாக்கற நர்ஸ்னு நீதானேம்மா அவங்களைச் சொன்ன. அவங்க ஏன் காலியா விட்டாங்க?"

ஸ்பீக்கரில் நர்ஸம்மாவின் குரல் கேட்டது. பின்னணியில் யாரோ பாத்திரம் கழுவினார்கள்.

"பதிவு பண்ணும்போது பக்கத்துலயே உக்காந்திருந்தாங்கம்மா. பேரு சொல்ல வரல. ஊரும் தெரியல. திரும்பினாரா கட்டத்துல 'இல்லை'ன்னு அமுக்கப் போனேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. இல்லன்னு போடாதீங்க, என் தம்பி கம்ப்யூட்டர் ஆபீஸ்ல வேலை பாக்கறான், வேலை முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போயிடுவான்னாங்க. பேரு மறந்தவங்க அதை மட்டும் தெளிவாச் சொன்னாங்க. எனக்கும் மனசு வரல. கட்டத்தை அப்படியே விட்டுட்டேன். அவங்க போன அன்னைக்குத்தான் 'இல்லை'ன்னு போட்டேன்." பாத்திரச் சத்தம் நின்றது. "அதனால ஏதாவது பிரச்சனையாம்மா?"

"உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா" என்று வக்கீலம்மா போனை வைத்தார்.

மூன்று பேரும் புரோகிராமரின் அறைக்குப் போனார்கள். லீடைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது. வக்கீலம்மா சுற்றி வளைக்கவில்லை.

"யாரும் அழிக்கலப்பா. பதிவு முதல்லேருந்தே அங்கதான் இருந்துச்சு. திரும்பினாரா கட்டம் மட்டும் காலியா இருந்துச்சு."

அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வேறு யாராவது என்றால் ஏன், எப்படி என்று கேட்டிருப்பார்கள். அவன் புரோகிராமர்.  அவன் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை, திரும்ப உட்கார்ந்தான்.

"புதுசா வர்ற பசங்களுக்கு இதை நான்தான் சொல்லிக் குடுப்பேன்" என்றான். "காலியா இருந்தா கவனமா இருங்கடான்னு." பிறகு யாரையும் பார்க்காமல் கேட்டான். "அந்த நர்ஸ் ஏன் அதைக் காலியா விட்டாங்க?"

வக்கீலம்மா வாய் திறக்கத் தயங்கியதை ரேடியோ அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தான். அதனால் அவனே சொன்னான். நர்ஸம்மா சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல், ஒரு கிண்டலும் கலக்காமல் சொன்னான். சொல்லி முடித்தபோது புரோகிராமர் இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதான். சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. லீடு அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.  

வெகு நேரம் கழித்து அவன் மூக்கைச் சிந்திவிட்டு, "இன்னும் எத்தனை பேர் இப்படி இருக்காங்க?" என்றான்.

லீடு எண்ணிக்கையைச் சொன்னாள்.

"புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். இப்பவே எழுதித் தரேன். அதுக்கு முன்னாடி இதை மாத்திடலாம். கீழ உக்காந்திருக்கறவங்களோட ஆளும் இதுல இருக்கலாம்."

"நான் மாத்தட்டுமா?" என்றாள் அவள்.

"நான் எழுதினது. நானே மாத்தறேன்."

அவன் அந்தக் குவெரி இருந்த புரோகிராமைத் திறந்தான். முழுசாக ஓ.ஆர்.எம்.முக்கு மாற்ற நேரமாகும். இப்போதைக்குக் காலிக் கட்டத்தையும் சேர்த்துக்கொள்ள ஒரு வார்த்தை போதும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். பல மாதம் கழித்து அவர்கள் பேசிக்கொண்டது அது. டெஸ்ட் பண்ணாமல் எதையும் வெளியே விடுவதில்லை என்பது அந்த ஆபீஸின் கறாரான பழக்கம். உண்மையான டேட்டாவைத் தொடாமல், அதன் நகலான டெஸ்ட் காப்பியில், இதுவரை விடுபட்டுப்போன ஒரு பதிவை வைத்துப் பார்க்க வேண்டும்.

"ஏதாவது ஒரு பதிவை எடுத்துக்கலாம்" என்றாள் லீடு அவசரமாக. "அந்தத் தாடிக்காரர் இருக்காரே."

அவன் தலையாட்டி மறுத்துவிட்டு அக்காவின் பதிவை எடுத்தான். டெஸ்ட் காப்பியில் இறந்த குறிப்பை நீக்கினான். 'இல்லை' என்பதை அழித்து, அவள் நர்ஸிடம் கேட்டுக்கொண்டபடி கட்டத்தைக் காலியாக விட்டான். முதலில் அந்தப் பதிவை மட்டும் வைத்துப் பழைய குவெரியை ஓட்டினான். 'பதிவு எதுவும் இல்லை' என்று வந்தது. தினமும் காலையில் அவன் பார்த்த பக்கத்தில் அக்கா இல்லாமல் போனது இப்படித்தான். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டு, தேடு என்று அமுக்கினான்.

அக்கா வந்தாள்.

ரேடியோ அவள் முகத்தை அப்போதுதான் பார்த்தான். தலையை ஒழுங்காக வாரி, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியிருந்தாள். கிளம்பத் தயாராக மடியில் ஒரு பை. படம் எடுப்பவர் பக்கம் அவள் திரும்பவே இல்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.